சோதனைச் சாவடியில் நின்றுவிடும் வான்

அப்பா ஓட்டிய பாடசாலை வானில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பாமன்கடைப் பக்கத்து ஒழுங்கைகளில் முழங்காலளவு தண்ணீர் நின்றாலும் இறங்கி ஏறிவிடும். பதினான்கு பிள்ளைகளையும் அவர்களுடைய பைகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் சுமந்துகொண்டு காலி வீதியில் பஸ்களோடு போட்டி போடும். சோதனைச் சாவடியில் மட்டும் நின்றுவிடும். அதுவும் பொழுது சாய்ந்த பிறகு மட்டும்.

யுத்த காலத்துக் கொழும்பில் ஒரு வாகனம் பழுதாகி நிற்கக்கூடாத இடம் எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும். மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், பின்னால் வரிசையாக வாகனங்கள் ஹோர்ன் அடிக்க, உள்ளே தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த ஒரு வான் தானாக அணைந்து, மறுபடி ஸ்டார்ட் ஆக மறுத்தால், காவலில் நிற்பவர்கள் அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் தடவை இரண்டு பேர் துவக்கோடு ஓடி வந்தார்கள். இரண்டாம் தடவை பிள்ளைகள் எல்லோரையும் இறக்கி வீதியோரம் வரிசையாக நிறுத்தி, கணக்குக் கொப்பிகளைக்கூடத் தட்டிப் பார்த்தார்கள். அன்று ஒரு சிறுமி சீருடையிலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். அப்பா வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

நாங்கள் கொட்டாஞ்சேனை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பிறகு லொறி ஓட்டினார். பிறகு இந்தப் பழைய ஜப்பான் வானை வாங்கி, வெள்ளவத்தைப் பிள்ளைகளை பம்பலப்பிட்டிப் பாடசாலைகளுக்கும் மாலையில் டியூசன் வகுப்புகளுக்கும் ஏற்றி இறக்கினார். அவருக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. எங்கள் சொந்தத்தில் உயர்தரம் எழுதிய முதல் ஆள் நான். தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்த முதல் ஆளும் நான்தான். மின்சார பில், கோயில் அறிவித்தல், பக்கத்து வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கடிதம் எல்லாம் வாசிப்பதற்கு என் கைக்குத்தான் வரும். எனக்குத் தலைக்கனம் என்று சொந்தக்காரர்கள் கதைப்பார்கள். இருந்தது. ஒரு மேசை கூட இல்லாத வீட்டில் அம்மாவின் தையல் மெசினின் மூடியில் கொப்பி வைத்துப் படித்து வந்த தலைக்கனம் அது. அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தத் தலைக்கனத்தோடு நான் செய்த ஒரு வேலையை முதலில் சொல்ல வேண்டும். மாலையானால் சாவடிக்குச் சற்று முன்பே வாகனத்தின் முன்விளக்கை அணைத்து, உள்விளக்கைப் போட வேண்டும். உள்ளே இருப்பவர்களின் முகம் தெரிய வேண்டும் என்பது விதி. வானோடு வந்த உள்விளக்கு மின்மினிபோல எரியும். பின் இருக்கை இருட்டுத்தான். ஒரு மாலை ஒரு சிப்பாய் தலையை உள்ளே விட்டு, "பிட்டிபஸ்ஸ பேன்னே நே" என்று கத்தினான். பின்பக்கம் தெரியவில்லை என்று.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "பெரிய லைட் ஒண்டு பூட்டோணும் மகள். நானாட்ட கொண்டு போறன்" என்றார்.

நானா என்றது மாளிகாவத்தையில் எங்கள் வானைப் பார்க்கும் மெக்கானிக்கை. அப்பாவைவிட வயது குறைந்தவர்தான். முஸ்லிம் நண்பர்களை அப்பா அப்படித்தான், அண்ணன் என்ற அர்த்தத்தில், கூப்பிடுவார். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"இதுக்கு என்னத்துக்கு நானா? நான் பூட்டித் தாறன்" என்றேன்.

பிரேக் லைட்டுக்குப் போடும் பெரிய பல்பு ஒன்றை வாங்கினேன். கூரையின் நடுவில் பொருத்தி, சாரதி இருக்கையின் ஓரத்தில் ஒரு சுவிட்ச் வைத்தேன். அந்த வானின் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கியபோது வயர்க்கட்டில் ஒரு மண்ணிற வயர் கைக்கு வசமாக வந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். வானின் இரும்பு உடம்புக்கும் வயருக்கும் இடையில் தடையே இல்லை. அப்படியென்றால் எர்த், மின்சாரம் திரும்பிப் போகும் வழி. பல்பின் எர்த்தை அதில் சேர்த்து, கறுப்பு டேப்பை ஒரு சுற்றின் பாதியில் அடுத்த சுற்று ஏறும்படி அழகாகச் சுற்றினேன். விளக்கு எரிந்தபோது வான் கல்யாண வீடு மாதிரி இருந்தது. அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு, சந்தியில் நின்ற எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். நானாவுக்கு மட்டும் சொல்லவில்லை. தன்னைக் கேட்காமல் வயரில் கை வைத்தால் அவர் கோபிப்பார் என்று அப்பாவுக்குத் தெரியும்.

விளக்கைப் பூட்டிய மறுநாளே பெரிய மழை. வெள்ளவத்தைக் கால்வாய் பொங்கி வீதிக்கு வந்தது. வான் தண்ணீருக்குள் ஓடியது. அதற்குப் பிறகுதான் சாவடியில் நிற்கத் தொடங்கியது. ஆகவே எல்லோரும் மழையைத்தான் திட்டினோம்.

ஒரு சனிக்கிழமை காலை நானும் அப்பாவோடு மாளிகாவத்தைக்குப் போனேன். நானா இருக்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்:

"ரோட்டுல போனீங்களா, கால்வாய்க்குள்ளயா ஓட்டினீங்க அண்ணன்?"

"நான் ரோட்டுலதான் போனேன் நானா. கால்வாய்தான் ரோட்டுக்கு வந்திச்சு."

"ப்ளக்குல தண்ணி ஈக்குது. காய வெச்சா சரி."

எனக்கு அது போதவில்லை. கல்லூரி நூலகத்திலிருந்து ஆங்கிலக் கையேட்டின் சில பக்கங்களைப் போட்டோக்கொப்பி எடுத்து வந்திருந்தேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டி உண்டு. அதன் இரண்டு துளைகளைக் கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், டேஷ்போர்டில் இருக்கும் எஞ்சின் விளக்கு கணக்காகச் சிமிட்டும். எத்தனை சிமிட்டல் என்பதை வைத்து எந்தப் பக்கம் கோளாறு என்று கண்டுபிடிக்கலாம். கம்பிக்கு நானா அங்குமிங்கும் தேடினார். நான் தலையிலிருந்த கொண்டை ஊசியைக் கழற்றி, நுனியைச் சுரண்டிச் செருகினேன்.

"கொண்டை ஊசியால இஞ்சின் பாக்கிற டொக்டர இண்டைக்குத்தான் கண்டேன்" என்றார் நானா.

விளக்கு நான்கு முறை சிமிட்டியது. நின்றது. பிறகு ஒரு முறை. நாற்பத்தொன்று. கையேட்டின்படி அது, எக்சிலேட்டரை மிதிக்கும்போது காற்று வழி எவ்வளவு திறக்கிறது என்று எஞ்சினின் கணினிக்குச் சொல்லும் சென்சர்.

"சென்சர் பழுது" என்றேன், தீர்ப்புச் சொல்வதுபோல.

"பழுதுன்னு லைட் சொல்லுதா, நீங்க சொல்றீங்களா? அது வயராவும் ஈக்கலாம் தங்கச்சி."

"புத்தகத்தில இருக்கு நானா."

"அப்ப சரி, இஞ்சினியர் நோனா" என்று பெரிய இடத்து அம்மணிக்கு வைப்பதுபோல சலாம் வைத்தார்.

உண்மையில் கையேட்டில் 'சென்சர் அல்லது அதற்குப் போகும் வயரிங்' என்றுதான் இருந்தது. நான் முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். இந்த இடத்தை எழுதும்போது இன்றைக்கும் காது சுடுகிறது. அப்பா என் பக்கம்தான் நின்றார். "மகள் படிச்சவ. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்." பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய ஜப்பான் எஞ்சினிலிருந்து கழற்றிய சென்சரை வாங்கிப் பூட்டினோம். பகல் முழுக்க ஓட்டிப் பார்த்தோம். வெண்ணெய் மாதிரி ஓடியது. எஞ்சின் விளக்கும் வரவில்லை. நான் ஜன்னலோரம் அமர்ந்து, எனக்கு யாராவது மாலை போடுவார்கள் என்று எதிர்பார்ப்பவள்போல வந்தேன்.

திங்கள் மாலை கல்லூரி முடிந்து பம்பலப்பிட்டியில் அப்பாவின் வானில் ஏறிக்கொண்டேன். டியூசன் பிள்ளைகள் பின்னால் பாட்டுப் போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். வானம் கறுத்திருந்தது. சாவடி வந்தது. அப்பா முன்விளக்கை அணைத்தார், உள்விளக்கைப் போட்டார், பிரேக்கை மிதித்தார். எஞ்சின் இரண்டு முறை இருமியது. ஒரு உதறல். பிறகு அமைதி. என் கண்ணுக்கு முன்னால் டேஷ்போர்டில் அந்த விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"ஆயெத் மே வேன் எக்கத?" என்றபடி ஒரு சிப்பாய் வந்தான். மறுபடியும் இதே வானா என்று. அப்பா இரண்டு கைகளும் தெரியும்படி வெளியே இறங்கினார். துறைமுகத்தில் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கிய மனிதர், அடையாள அட்டையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். பின்னாலிருந்து ஒரு சின்னவள் கேட்டாள்:

"அக்கா, எங்கட வானுக்கும் ஆமியெண்டா பயமா?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சிப்பாய்க்கு எவனோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவனும் சிரித்தான். அதனால் அன்று தப்பினோம். நானும் அப்பாவும் வானைத் தள்ளி அப்பால் கொண்டுபோனோம். விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்ற பிறகு ஒன்றுமே நடக்காததுபோல அது ஸ்டார்ட் ஆனது.

பாமன்கடையில் கடைசிப் பிள்ளையை இறக்கும் வீட்டில் அந்தப் பிள்ளையின் தாய் வாசலில் காத்திருந்தார். மற்றப் பெற்றோர்கள் அவரிடம்தான் எதையும் சொல்லி அனுப்புவார்கள். குரலை உயர்த்தாமல்தான் கதைத்தார்.

"உங்களில எங்களுக்கு ஒரு குறையும் இல்லை அண்ணை. ஆனா பொம்பிளைப் பிள்ளையள் றோட்டில நிக்கிறதைப் பாத்துக்கொண்டிருக்கேலாது. இந்த வெள்ளி மட்டும் பாப்பம். திருத்தேலாட்டி நாங்கள் எல்லாரும் வேற வான் பாக்கிறம். குறை நினையாதேங்கோ."

அப்பா "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். பதினான்கு பிள்ளைகளும் போனால் அந்த வான் வெறும் தகரம். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதும், நான் கல்லூரிக்குப் போவதும் அந்தப் பதினான்கு பிள்ளைகளால்தான். வழியில் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சொல்லாததால் பழைய சென்சரைக் கல்லூரிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் கல்லூரியில், கழற்றி வைத்த பழைய சென்சரை மேசையில் வைத்து அளந்தேன். மெதுவாகத் திருப்பத் திருப்ப மீட்டரில் எண்கள் எந்த இடத்திலும் தடுக்காமல் ஏறின. இறங்கின. அது நல்ல சென்சர். நான் குற்றவாளி என்று சொன்னது ஒரு குற்றமும் செய்யாத சாமானை. அப்படியென்றால் வயர்தான். எந்த வயர், ஏன் சாவடியில் மட்டும், ஏன் மாலையில் மட்டும் என்று யோசித்து யோசித்து வகுப்பில் இரண்டு கேள்விக்குப் பிழையாகப் பதில் சொன்னேன்.

அடுத்த மாலை வகுப்பு வெள்ளிதான், அதுவரை இருட்டில் சாவடியைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை. வியாழன் பின்னேரம் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே மாளிகாவத்தைக்குப் போனோம். நானாவிடம் இன்னொரு விளக்கம் தயாராக இருந்தது. "சூடு, அண்ணன். டிராபிக்ல வந்து வந்து இஞ்சின் கொதிச்சிப் போய், நிப்பாட்டினதும் கொளறுது." ஆகவே எஞ்சினை ஓடவிட்டுக் கொதிக்க வைத்தோம். முக்கால் மணிநேரம் ஓடியது. அணையவில்லை. நான் இருக்கையைத் தூக்கிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைச் சென்சரின் வயரிலும் மறுமுனையை வானின் உடம்பிலும் பிடித்துக்கொண்டு முழந்தாளில் இருந்தேன். அரை வோல்ட். எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. நானா வயர்க்கட்டைப் பிடித்து உலுக்கினார், மடித்தார், இழுத்தார். அரை வோல்ட். ப்ளக்கைத் தட்டினார். அரை வோல்ட்.

"இதுக்கு ஒரு கொளறும் இல்ல" என்றார் நானா. "உங்கட அப்பாவத்தான் ஸ்கேன் எடுக்கணும்."

"என்னைய எடுத்தா நெஞ்சு மட்டுந்தான் பழுது எண்டு வரும்" என்றார் அப்பா, சாரதி வாசலில் சாய்ந்துகொண்டு.

பொழுது சாய்ந்தது. மீட்டரின் எண்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. முகத்தை எவ்வளவு கிட்டக் கொண்டுபோனாலும் சாம்பல் நிறம்தான். நான் தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்:

"அப்பா, அந்த லைட்டை ஒருக்காப் போடுங்க."

அப்பா போட்டார். மீட்டரில் எண் தெளிவாகத் தெரிந்தது. இரண்டைத் தாண்டியிருந்தது. எஞ்சின் இரண்டு முறை இருமியது. உதறியது. நின்றது.

மசூதியில் பாங்கு சொல்லத் தொடங்கியது அப்போதுதான் காதில் விழுந்தது.

"அணைச்சிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அப்பா விளக்கை அணைத்தார். எஞ்சின் கொஞ்சம் முனகிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அரை வோல்ட். "இப்பப் போடுங்க." இரண்டு. இருமல். அமைதி.

சாவடிக்கும் இராணுவத்துக்கும் மழைக்கும் சூட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சாவடியில்தான் நாங்கள் உள்விளக்கைப் போடுவோம். பொழுது சாய்ந்த பிறகுதான் போடுவோம். நானா பகலில் பார்க்கும்போதெல்லாம் அதைப் போட ஒருவருக்கும் காரணம் இருக்கவில்லை.

நானா விளக்கின் வயரை விரலால் பிடித்தபடியே கீழே வந்தார். இருக்கைக்கு அடியில் ஒரு இணைப்பில் விரல் நின்றது. "இது சென்சர்ட எர்த்து வயர்" என்றார். "இவ்வளவு மெல்லிசான வயர்ல அவ்வளவு பெரிய பல்ப மாட்டினா, கம்பியூட்டருக்குப் பைத்தியம் புடிக்கும். யாரு அண்ணன் இந்த வேல பாத்தது?"

"முந்தி வான் வச்சிருந்த ஆளா இருக்கும்" என்றார் அப்பா உடனே. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். பார்வை கூரையில் இருந்தது.

நானா டேப்பை டோர்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "முந்தின ஆள் சுத்தின டேப்பு இப்படிப் பளபளக்குமா? எங்கட ஆக்கள் ஒருத்தனும் இவ்வளவு வடிவாச் சுத்தவும் மாட்டான். இது ஸ்கூல் புள்ளைக்குப் பின்னல் போட்ட மாதிரியில்ல ஈக்குது."

"நான்தான் நானா" என்றேன்.

பல்பின் மின்சாரம் அந்த மெல்லிய வயரால் திரும்பிப் போகும்போது சென்சரின் கணக்கு முழுக்க மேலே தூக்கப்பட்டது. சாரதி எக்சிலேட்டரை மிதிக்கிறார் என்று எஞ்சினின் கணினி நம்பியது, பெற்றோலை ஊற்றியது, அதற்குரிய காற்று வராததால் எஞ்சின் திணறி நின்றது. மீட்டர் எனக்குப் பொய் சொல்லவில்லை. அது எர்த்தான். ஆனால் சென்சருக்கென்று தனியே விடப்பட்ட எர்த். ஒரு வயருக்குத் தடை இல்லை என்று கண்டதும் அது யாருக்காகப் போகிறது என்று நான் பார்க்கவில்லை.

நானாவின் முகம் சுருங்கியது. பிழைக்காக அல்ல. "எனக்கு ஒரு வார்த்த சொல்லல்லியே?"

"அவவக் கோவிக்காதீங்க. நான்தான் சொல்ல வேணாம் எண்டனான்" என்றார் அப்பா.

"நீங்க சொல்ல வேணாம்னீங்க, அவ சென்சர்னா, நான் தண்ணின்னேன், பொறகு சூடுன்னேன். ரெண்டு நாளா ப்ளக்க ஊதி ஊதி எனக்கு நெஞ்சு நோவுது!" நானா சொல்லிக்கொண்டே சிரிக்கத் தொடங்கினார். அப்பாவும் சிரித்தார். எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. அது பாதி வழியில் சிரிப்பாக மாறியது. எஞ்சின் நல்லது. கணினி எரியவில்லை. நான் பழைய சென்சரைப் பழித்தது தவிர வேறு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இருக்கையின் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் காட்டி, நானா என் கையில் மண்தாளைத் தந்தார். "பெயின்ற சுரண்டிட்டு இதுல எர்த்த மாட்டுங்க. டேப்பையும் நீங்களே சுத்துங்க நோனா. எனக்கு அவ்வளவு வடிவா வராது." பெயின்ற் போய் இரும்பு மின்னும்வரை தேய்த்தேன். மண்ணிற வயரிலிருந்து என் இணைப்பைப் பிரித்து, அந்த இடத்தை மூடினேன். அப்பா விளக்கைப் போட்டார், அணைத்தார், போட்டார், அணைத்தார். இருபது தடவை இருக்கும். எஞ்சின் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளி மாலை நானும் போனேன். டியூசன் வாசலில் பாமன்கடைத் தாயும் நின்றார். தானே வந்து பார்க்கிறேன் என்று முன் இருக்கையில், எனக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் அன்றைக்குப் பாட்டுப் போட்டி இல்லை. சாவடி தெரிந்ததும் அப்பா முன்விளக்கை அணைத்தார். சுவிட்சுக்கு மேலே அவருடைய விரல் ஒரு கணம் தயங்கியது. பக்கத்தில் அந்தத் தாய் கைப்பையை இறுக்கிப் பிடித்தார். டக் என்று விளக்கு எரிந்தது. பதினான்கு முகங்களும் வெளிச்சத்தில் வந்தன. என் உள்ளங்காலுக்குக் கீழே எஞ்சின் மாறாத ஒரே சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அதே சிப்பாய் தலையை உள்ளே விட்டான். பின் இருக்கைவரை பார்த்தான். பிறகு எஞ்சினுக்குக் காது கொடுத்தான். "அத ஹொந்தய் வகே" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். இன்றைக்கு நல்லாயிருக்கிறதுபோல என்று. "யன்ன, யன்ன."

போனோம். பின்னால் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அப்பா சத்தம் போட வேண்டாம் என்றார். ஆனால் அவரே விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பழுதாம் பிள்ளை? சென்சரோ?" என்று அந்தத் தாய் கேட்டார்.

சென்சர் என்று சொல்லிவிடலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. அப்பாவும் அப்படிச் சொல்லிவிடு என்பதுபோல கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இல்லை அன்ரி. இந்த லைட்டை நான்தான் பூட்டினனான். பிழையான வயரில குடுத்திட்டன். நேற்றுத்தான் கண்டுபிடிச்சு மாத்தினனான்."

அவர் மேலே எரிந்த விளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கைப்பையை மடியில் விட்டுவிட்டுச் சேலையைச் சரிசெய்தார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு கிளாஸ்" என்றார் அப்பாவிடம். "ஏழரைக்கே வந்திடுங்கோ அண்ணை. போன சனி மாதிரிப் பிந்த வேண்டாம்."

"ஏழேகாலுக்கே நிப்பன்" என்றார் அப்பா.

சாவடி எப்போதோ பின்னால் போய்விட்டது. பாமன்கடை வரும்வரை எங்களில் ஒருவருக்கும் அந்த விளக்கை அணைக்க நினைவு வரவில்லை.